கருங்கல் சுடுகிறது, சாக்கு சுடவில்லை: தோல் பொய் சொல்கிறதா?

செட்டியார்தெருவான்:

சித்திரை வெயிலில் கோயில் வெளிவீதியைச் சுற்றியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கருங்கல் தளத்தில் கால் வைக்க முடியாது. பக்கத்தில் விரித்திருக்கும் சாக்கில் ஏறினால் உயிர் வருகிறது. இரண்டும் காலையிலிருந்து ஒரே வெயிலில் கிடப்பவை. தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மைத்துனர் தன்னுடைய அகச்சிவப்பு வெப்பமானியை இரண்டின் மேலும் பிடித்துப் பார்த்தார். கல் 50 பாகைக்குக் கிட்ட; சாக்கும் ஏறக்குறைய அதே.

கருவி 'ஒன்று' என்கிறது, கால் 'இரண்டு' என்கிறது. அப்படியென்றால் சூடு கல்லில் இருக்கிறதா, என் காலில் நடக்கிறதா?

1690இல் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் இதைத் தண்ணீரை வைத்துக் கேட்டார். ஒரு கை சூடாகவும் மறு கை குளிர்ந்தும் இருக்கும்போது இரண்டையும் ஒரே நீரில் அமிழ்த்துங்கள். ஒரு கைக்கு அது குளிர், மறு கைக்குச் சூடு. ஒரே நீர் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்க முடியாது. ஆகவே நாம் உணரும் சூடும் குளிரும் நீருக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கவில்லை என்றார். அவருக்கு முன்பே 1623இல் கலிலியோ, உணரும் உயிரை அகற்றிவிட்டால் சூடு வெறும் பெயராகத்தான் மிஞ்சும் என்று எழுதியிருந்தார். எனக்கு இவர்கள் சொல்வது சரியென்றே படுகிறது. மறுப்பவர்கள் வாருங்கள்.

அளவுகோல்:

குளிரூட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தோல் பொய் சொல்லவில்லை. தம்பி அதனிடம் வேறு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் பிழை என்கிறார்.

மைத்துனரின் கருவி கல்லை அளந்தது. பாதத்தின் நரம்புமுனை கல்லை ஒருபோதும் அளப்பதில்லை; தான் புதைந்திருக்கும் தோலைத்தான் அளக்கிறது. வெவ்வேறு வெப்பநிலையில் உள்ள இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும்போது, தொடும் இடத்தின் வெப்பநிலையை அவற்றின் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்கத் தேவையான வெப்பம்) மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் யாருடைய எண் பெரிதோ அவர் பக்கம் அது சாயும். கருங்கல்லின் எண் தோலினுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே 33 பாகையில் உள்ள பாதம் 50 பாகைக் கல்லில் பட்டால் தொடும் இடம் 44 அளவுக்கு ஏறிவிடுகிறது. நார்களுக்கிடையில் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் சாக்கில் 36ஐத் தாண்டுவதே அரிது. 43 அளவில் வலிநரம்புகள் விழித்துக்கொள்கின்றன. ஒரு காலில் விழித்தன, மறு காலில் விழிக்கவில்லை. இதில் முரண்பாடு எங்கே?

நுவரெலியாவில் அதிகாலையில் இரும்புக் கட்டில் சட்டத்தையும் பக்கத்து மர அலுமாரியையும் தொட்டுப் பாருங்கள். இதே கணக்குத்தான், திசை மட்டும் மறுபக்கம்.

செட்டியார்தெருவான்:

> இதில் முரண்பாடு எங்கே?

அண்ணா, நீங்கள் என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்த்திருக்கிறீர்கள். 'கல் 50 பாகை' என்பது கல்லைப் பற்றிய செய்தி. 'கல் சுடுகிறது' என்பது கல்லும் என் காலும் சேர்ந்து உண்டாக்கிய செய்தி. காலை எடுத்துவிட்டால் இரண்டாவது செய்திக்கு இடமே இல்லை.

1713இல் ஐரிஷ் மெய்யியலாளர் பார்க்ளி இன்னும் ஒரு படி மேலே போனார். நெருப்புக்கு அருகே கையைக் கொண்டுபோகும்போது முதலில் இதமான சூடு, பிறகு வலி. சூடு ஓர் இடத்தில் முடிந்து, வலி வேறோர் இடத்தில் தனியாகத் தொடங்குகிறதா? இல்லை, கடுஞ்சூடே வலியாக இருக்கிறது. உயிரற்ற பொருளுக்கு வலி கிடையாது. ஆகவே கடுஞ்சூடும் அந்தப் பொருளில் கிடையாது. உணர்பவரின் மனத்தில்தான் இருக்கிறது.

கொத்துரொட்டி:

பார்க்ளி சித்திரையில் கொழும்புக்கு வந்திருந்தால் சப்பாத்தைக் கழற்றியிருக்கவே மாட்டார்.

இரவுப்பணி:

நான் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் தாதி. பார்க்ளியை நான் படித்ததில்லை. ஆனால் அவருடைய வாதத்துக்கு எதிர்ச்சாட்சிகள் எங்கள் வார்ட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

நீரிழிவு முற்றிப் பாத நரம்புகள் பழுதான நோயாளர்களைச் சொல்கிறேன். உளைச்சலுக்கு வெந்நீரில் கால் வைத்திருப்பார்கள், அல்லது சுடுதரையில் நடந்திருப்பார்கள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். "சுடவே இல்லை, மிஸ்" என்பார்கள், அதுவும் உண்மைதான். உணர்பவரின் மனத்தில்தான் சூடு இருக்கிறது என்றால் இவர்களுக்குச் சூடே நேரவில்லை. பிறகு கால் வெந்தது எதனால்? இப்படிப்பட்டவர்களிடம் தண்ணீரைக் காலால் சோதிக்க வேண்டாம், முழங்கையால் சோதியுங்கள் அல்லது வேறு யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்போம். அந்த இன்னொருவரின் கை அறிவது எதை? நோயாளியின் காலைச் சுடக்கூடிய அதே ஒன்றைத்தானே?

அளவுகோல் அண்ணாவின் விளக்கத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. காய்ச்சல் ஏறும்போது நோயாளியின் உடல் 39 பாகை. அவரோ பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு இன்னொரு போர்வை கேட்கிறார். அறை குளிராகவில்லை. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலமஸ் உடலின் இலக்கு வெப்பநிலையை மேலே தூக்கிவிட்டது; உடல் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளிதான் அவருக்குக் குளிராகப் படுகிறது. ஆகவே தோலின் வெப்பநிலையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

செட்டியார்தெருவான்:

அக்கா, பார்க்ளியின் ஆள் விட்டுக்கொடுக்க மாட்டார். கொப்புளத்தையும் நீங்கள் கண்ணால் காண்கிறீர்கள், விரலால் தொடுகிறீர்கள். அதுவும் ஓர் உணர்வுதான் என்பார்.

இரவுப்பணி:

யாரும் பார்க்காத கொப்புளம்தான் சீழ் பிடித்துக் காலை வெட்டும் வரைக்கும் போகிறது, தம்பி.

தர்க்கசாலை:

லொக், பார்க்ளி என்று ஐரோப்பாவிலேயே நிற்கிறீர்கள். நம் பக்கத்தில் இதைவிடப் பழைய சண்டை ஒன்று உண்டு.

பழைய இந்தியத் தத்துவப் பள்ளிகளில் ஒன்றான வைசேடிகர் தொட்டு அறியும் குணத்தை மூன்றாக வகுத்தார்கள்: சீதம், உஷ்ணம், இரண்டுமற்றது. நீருக்கு இயல்பு சீதம், தீக்கு உஷ்ணம், மண்ணுக்கும் காற்றுக்கும் இரண்டுமற்ற தொடுகை. அப்படியானால் வெந்நீர் ஏன் சுடுகிறது? நீர் சுடவில்லை, அதற்குள் புகுந்த தீயணுக்கள் சுடுகின்றன என்றார்கள். சூடும் குளிரும் பொருளிலேயே இருக்கின்றன என்று பிடிவாதமாக நின்றவர்கள் இவர்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். பொன்னைத் தீயின் வகையில் சேர்த்துவிட்டு, பிறகு அது தொட்டால் ஏன் சுடவில்லை என்று கேள்வி வந்தபோது, கலந்திருக்கும் மண்கூறு அதன் சூட்டை மறைக்கிறது என்று சமாளித்தார்கள். செட்டியார் தெரு நகைக்கடைகளில் இதைச் சொன்னால் எந்தக் காரட் பொன்னைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள்.

இதே தீவில் நூற்றாண்டுகளாகப் படிக்கப்படும் தேரவாத பௌத்தத்தின் தத்துவ நூல்தொகுதியான அபிதம்மம் வேறு வழியில் போனது. தொடுகைக்கு எட்டுபவை மண், தீ, காற்று மூன்று மட்டும். நீர் என்ற தாது தொடுகைக்கு எட்டாது. அதை மனத்தால்தான் அறிய முடியும். சரி, கிணற்று நீரில் கை வைத்ததும் படும் குளிர்ச்சி யாருடையது? அதுவும் தேஜோதாதுதான், அதாவது தீ என்ற கூறுதான் என்கிறார்கள். தேஜஸ் குறைந்த நிலையே குளிராகத் தெரிகிறது.

லொக்கின் கேள்வியைவிட எனக்குச் சுவையாகப் படுவது இது: குளிர் என்பது ஒரு பொருளா, ஓர் இன்மையா? வைசேடிகத்துக்கு அது நீரின் சொந்தச் சொத்து. அபிதம்மத்துக்கு அது தீயின் குறைவு. 1641இல் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட்டும் இதே இடத்தில் தடுக்கினார். குளிர் சூட்டின் இன்மையா, சூடு குளிரின் இன்மையா, இரண்டும் மெய்யான குணங்களா என்பதைத் தன்னுள் தோன்றும் உணர்வை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தீர்மானிக்க முடியவில்லை என்றார்.

அளவுகோல்:

இயற்பியல் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. குளிர் என்று தனியாக ஒன்றும் இல்லை. குளிரூட்டி அறைக்குள் குளிரைத் தள்ளுவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. சந்தேகம் இருப்பவர்கள் பம்பலப்பிட்டி அடுக்குமாடி ஒன்றின் பின்சந்தில், அந்த வெளிப்பெட்டிகளின் கீழே, பிற்பகல் இரண்டு மணிக்கு நின்று பாருங்கள்.

ஆனாலும் குளிரைத் தனிப்பொருள் என்று நினைத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெனீவாவில் பிக்டே என்பவர் இரண்டு குழியாடிகளை எதிரெதிரே நிறுத்தினார். ஒன்றின் குவியத்தில் வெப்பமானி, மற்றதன் குவியத்தில் உறைபனி நிறைத்த குடுவை. வெப்பமானி உடனே இறங்கியது! பார்ப்பவருக்குக் குடுவையிலிருந்து குளிர்க்கதிர் பாய்ந்து, ஆடிகளில் பட்டுத் தெறித்து வந்ததுபோலத்தான் இருக்கும். 1791இல் பிரேவோ விளக்கம் சொன்னார்: எல்லாப் பொருளும் எந்நேரமும் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கின்றன. வெப்பமானி கொடுத்தது அதிகம், குடுவையிடமிருந்து வாங்கியது குறைவு, அதனால் இறங்கியது. கணக்கில் அபிதம்மக்காரர்களுக்கே வெற்றி.

மருதானைமாணவி:

இயற்பியல் தீர்த்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ளலாம், உடல் தீர்த்துக்கொள்ளவில்லை!

1882இல் பிலிக்ஸ் என்ற சுவீடன் உடலியலாளர் தோலைப் புள்ளி புள்ளியாகச் சோதித்து, சில புள்ளிகளில் குளிர் மட்டும், வேறு சில புள்ளிகளில் சூடு மட்டும் உணரப்படுவதைக் கண்டார். குளிர்ப்புள்ளிகள் எண்ணிக்கையில் அதிகம். 2002இல் குளிருக்கென்றே திறக்கும் புரதவாயில் ஒன்று நரம்புமுனையில் அடையாளம் காணப்பட்டது. தைலங்களில் சேர்க்கும் மென்தோல் (menthol) என்ற பொருள் பட்டாலும் அதுவே திறக்கும். தலைவலிக்கு நெற்றியில் தைலம் பூசும்போது நெற்றியின் வெப்பம் குறைந்ததால் சில்லென்று இருப்பதில்லை. வாயில் திறந்துவிட்டது, மூளை குளிர் என்று வாசிக்கிறது. மிளகாய்க்கும் அப்படி ஒரு வாயில். 43 பாகை வெப்பத்துக்குத் திறப்பதும், கட்டைச் சம்பலுக்குத் திறப்பதும் ஒன்றே. அதன் மரபணு 1997இல் பிரித்தெடுக்கப்பட்டது. இந்த ஆய்வுகளுக்காக டேவிட் ஜூலியஸுக்கும், தொடுவுணர்வின் வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021இல் நொபெல் பரிசு கிடைத்தது.

ஆக உலகத்தில் குளிர் ஓர் இன்மையாக இருக்கலாம். தோலில் அது ஓர் இருப்பு. அதற்குத் தனி வாயில், தனி நரம்பு, தனிப் புள்ளிகள் எல்லாம் உண்டு. இன்மையை உணர்வதற்கு உடல் ஒரு பொருளைச் செய்து வைத்திருக்கிறது.

இன்னொன்று. தோல் ஏறக்குறைய 30 முதல் 36 பாகை வரை நிதானமாகத் தங்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. தர்க்கசாலை ஐயா சொன்ன 'இரண்டுமற்றது' இதுதானே? அணுக்களைப் பற்றி வைசேடிகர் சொன்னது தவறாக இருக்கட்டும். தோலைப் பற்றிய வரைபடமாக எடுத்துக்கொண்டால் மூன்று வகையும் அப்படியே பொருந்துகின்றன.

கொத்துரொட்டி:

சம்பலுக்கும் சுடுகல்லுக்கும் ஒரே கதவு என்றால், கோயில் வீதியில் ஐஸ் பழத்தை நக்கிக்கொண்டே நடந்தால் கணக்குச் சரியாகிவிடுமா?

மருதானைமாணவி:

சரியாகாது. மோசமாகவும் ஆகலாம். 1896இல் துன்பெர்க், 20 பாகைக் குழாய்களையும் 40 பாகைக் குழாய்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினார். தனித்தனியாகத் தொட்டால் ஒன்று குளுமை, மற்றது இதமான சூடு, ஒன்றும் செய்யாது. எல்லாவற்றின் மேலும் உள்ளங்கையை வைத்தால் பலருக்குச் சுட்டெரிப்பதுபோல் இருக்கும், கையை இழுத்துக்கொள்வார்கள். எரிக்கக்கூடிய வெப்பம் அங்கே எந்தக் குழாயிலும் இல்லை.

பழந்தமிழ்:

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு 1104ஆம் குறள்தான் நினைவில் ஓடியது. விலகினால் சுடுகிறது, நெருங்கினால் தண்ணென்று இருக்கிறது, இப்படியொரு தீயை இவள் எங்கே பெற்றாள் என்று தலைவன் வியக்கிறான். அப்பர் பெருமானை ஏழு நாள் நீற்றறையில் அடைத்தபோது, அந்தச் சுண்ணாம்புக் காளவாய்க்குள் அவர் மாலை நிலவையும் தென்றலையும் வண்டு மொய்க்கும் பொய்கையையும் பாடினார் என்பதும் நமக்குச் சொல்லப்பட்ட வரலாறு. உணர்பவரின் நிலை மாறினால் தீயே குளிரும் என்பதை நம்மவர் அறிந்திருந்தனர்.

அளவுகோல்:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். குறளில் உள்ளது காதலனின் வியப்பு. அந்தத் தீயில் சோறு வேகாது. நீற்றறை பக்தர்களின் நம்பிக்கை. இரண்டையும் வெப்பமானியோடு ஒரே தட்டில் வைக்க வேண்டாமே.

உடப்பூரான்:

எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? பூக்குழியில் இறங்கியவர்கள் சுடவில்லை என்கிறார்கள். நம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போகாமல் பதில் சொல்லுங்கள்.

அளவுகோல்:

முதல் இடுகையின் சாக்குக்குச் சொன்ன பதில்தான். தணலின் வெப்பநிலை பல நூறு பாகை. ஆனால் மரக்கரி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும், அதில் சேர்ந்திருக்கும் வெப்பமும் குறைவு. ஓரடி விழுந்து எழும் நேரத்துக்குள் பாதத்துக்கு வந்து சேர்வது சொற்பம். குழியில் ஓர் இரும்புத் துண்டு கிடந்தால் கதை வேறு. இதைச் சொல்வதால் யாருடைய விரதத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. தயங்கி நிற்காமல் நடக்க மன உறுதி வேண்டும். அதை விரதம் கொடுக்கிறது என்றால் எனக்கு மறுப்பில்லை.

நெறியாளர்:

நம்பிக்கை பற்றிய பகுதி இந்த அளவோடு நிற்கட்டும். நீக்கிய இரண்டு இடுகைகளின் சொந்தக்காரர்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

இரவுப்பணி:

அளவுகோல் அண்ணா பழந்தமிழ் ஐயாவை இவ்வளவு சுலபமாகக் கடந்துபோக வேண்டியதில்லை. 1971இல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியலாளர், ஒரே குளிர்நீர் உடலின் உள்வெப்பம் கூடியிருப்பவருக்கு இன்பமாகவும் உள்வெப்பம் குறைந்தவருக்குத் தொல்லையாகவும் இருப்பதை எடுத்துக் காட்டினார். 'எவ்வளவு குளிர்' என்ற கேள்விக்கு இருவரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்லலாம். 'பிடித்திருக்கிறதா' என்று கேட்டால்தான் பிரிவார்கள். எங்கள் வீட்டில் மின்விசிறிக்கு நடக்கும் சண்டையும் அதுதான். அறை எத்தனை பாகை என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

பார்க்ளி இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். கடுஞ்சூடும் அதன் வேதனையும் ஒன்றே என்றார். வலியின் அளவைச் சரியாகச் சொல்லிவிட்டு, ஆனால் அது தன்னைத் தொந்தரவு செய்யவில்லை என்று சொல்பவர்களை மருத்துவம் கண்டிருக்கிறது. மூளையின் சில பகுதிகள் பழுதுபட்டவர்கள் அவர்கள். இரண்டும் பிரியக்கூடியவை. நீற்றறைக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. 'சுட்டது, ஆனால் என்னைத் தொடவில்லை' என்பது மனிதர் சொல்லக்கூடிய வாக்கியம்தான்.

தர்க்கசாலை:

செட்டியார்தெருவானுக்கு என் பதில். நீங்கள் இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவற்றில் போடப் பார்க்கிறீர்கள்: பொருள், மனம். அரளிவிதை நஞ்சு என்கிறோம். உண்ணும் உடல் ஒன்று உலகில் இல்லாவிட்டால் நஞ்சு என்ற பேச்சுக்கே பொருள் கிடையாது. அதற்காக நஞ்சு நம் மனத்தில் இருக்கிறது என்பீர்களா? தெரியாமல் உண்டவரும் சாகிறார். சூடும் அந்த இனம். 'கல் சுடும்' என்றால் மனிதத் தோலுக்கு இந்தக் கல் இன்னது செய்யவல்லது என்று பொருள். உணர்வு அற்றுப்போன காலையும் அது சுடும். லொக்கின் நீர் ஒரு கைக்கு வெப்பம் கொடுக்கிறது, மறு கையிடமிருந்து வெப்பம் எடுக்கிறது. இரண்டும் அந்த நீரைப் பற்றிய உண்மைகள், ஒன்றையொன்று மறுக்கவில்லை.

செட்டியார்தெருவான்:

'மனிதத் தோல்' என்கிறீர்கள். யாருடைய தோல்? சித்திரை வந்தால் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுகிறது. காற்று 31 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்றால் உடலுக்கு 39 போல இருக்கும் என்பது அந்தச் சுட்டெண்ணின் கணக்கு. 1979இல் ஸ்டெட்மன் அதற்கு அடிப்படை போட்டபோது குறிப்பிட்ட உயரம், எடை, உடை கொண்ட ஒருவர் நிழலில், மெல்லிய காற்றில் நடப்பதாக வைத்துக்கொண்டார். புறக்கோட்டையில் வெயிலில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் எவரும் அந்த ஆள் இல்லை. குளிரூட்டிய காரில் வந்து இறங்குபவரும் இல்லை. ஐயாவின் 'இந்தத் தோலுக்கு இன்னது செய்யவல்லது' என்ற வரையறைப்படி 39 யாருக்கு உண்மை?

தர்க்கசாலை:

அந்தக் கற்பனை ஆளுக்கு உண்மை. மற்றவர்களுக்குத் தோராயம். நாட்டாமிக்கு ஆபத்தான தோராயம், ஏனென்றால் அவருக்கான எண் அதைவிடப் பெரிது.

இரவுப்பணி:

உணர்வையே கேட்காத எல்லை ஒன்றும் இருக்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 காட்டும் காற்றில், நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான உடலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று 2010இல் ஷெர்வூட், ஹூபர் என்ற இருவர் கணக்கிட்டார்கள். வியர்வை ஆவியாகாது, வெப்பம் வெளியேற வழி கிடையாது. அதற்குக் கீழேயே உடல் தளர்ந்துவிடுகிறது என்று பிறகு செய்த சோதனைகள் காட்டின. அந்த இடத்தில் ஒருவருக்குப் பழகிவிட்டதா, பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் எடுபடாது.

செட்டியார்தெருவான்:

ஆனால் அக்கா, அந்த 35உம் எங்கிருந்து வந்தது? வெப்பத்தில் தவிக்கும் மனிதத் தோல் ஏறக்குறைய 35 பாகையில் இருப்பதால்தானே? தோலை எடுத்துவிட்டால் அந்த எல்லையும் போய்விடும்.

அளவுகோல்:

தோலை எடுத்துவிட்டால் கேட்பதற்கு நீயும் இருக்க மாட்டாய், தம்பி. தங்கச்சி சொன்ன அந்த ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, அதாவது ஈரக்குமிழ் வெப்பமானி, என்னிடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை நண்பகல் புறக்கோட்டை மெயின் வீதியில், மூட்டை இறக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். காற்றின் வெப்பநிலை, ஈரக்குமிழ், திணைக்களத்தின் சுட்டெண் மூன்றையும் எழுதிக்கொண்டு, மூட்டை இறக்கி முடித்தவரிடம் எப்படி இருக்கிறது என்றும் கேட்போம். வருபவர்கள் சொல்லுங்கள். மைத்துனரின் அகச்சிவப்புக் கருவியையும் கொண்டு வாருங்கள். தார் வீதியையும் அளக்கலாம்.